நூறு மணி நேரப் போரும் அதன் விளைவும்

ஒரு நாள் மாலை, ஆட்டம் முடிந்து எம் விடுதி முன்றிலில் இளைப்பாறியிருந்த வேளையில், நண்பரொருவர் ஒரு வியப்பான செய்தியைக் கூறினார். நடு அமெரிக்காவிலுள்ள இரண்டு சிறு நாடுகள் ஒரு காற்பந்தாட்டத்தின் பொருட்டுப் போர் செய்தன என்பதே அச்செய்தி. கேட்டோர் யாவரும் நகைத்தனர், யாமும் நகைத்தோம். "தோற்றால் நாம் பந்தை உதைப்போம்; அவர்கள் பீரங்கியை இழுத்து வந்தார்களாக்கும்!" என்று மற்றொருவர் சொல்ல, நகைப்பு இருமடங்காயிற்று. அவ்வளவில் அப்பேச்சு முடிந்தது. ஆயினும் அச்செய்தி எம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. பின்னர் நூலகத்தில் அப்போரைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க, அன்று மாலை நகைத்ததை நினைந்து நாணினோம். இலட்சக்கணக்கான ஏழை உழவர் வீடும் விளைநிலமும் இழந்து வழிநடையாய்ச் சென்ற ஒரு பெருந்துயரம், 'காற்பந்துப் போர்' என்னும் பெயரால் ஒரு வேடிக்கைக் கதையாகி உலகெங்கும் உலவுகின்றது. அப்பெயரின் பின்னே மறைந்து கிடக்கும் உண்மையை எம்மால் இயன்றவரை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழிலக்கணம் பயில்வார்க்கு இவ்வுண்மையை உணர்தல் அரிதன்று. தொல்காப்பியனார் புறத்திணையுள் வெட்சியை முதற்கண் வைத்தார். பகைவரது ஆநிரையைக் கவர்தல் போரின் தொடக்கமாக அங்குக் கூறப்படுகின்றது. எனினும், பசுக்களுக்காகவே பண்டையரசர் பெரும்படை திரட்டினர் என்று எவரும் கொள்ளார். அடுத்து வரும் வஞ்சித்திணைக்கு மண்ணின்மீது சென்ற வேட்கையை அவர் அடிப்படையாக வைத்தமையே அதற்குச் சான்று. தொடக்கம் வேறு, காரணம் வேறு. 1969ஆம் ஆண்டில் எல் சால்வடோர், ஹொண்டுராஸ் என்னும் இரு நாடுகளுக்கிடையே நிகழ்ந்த போரிலும் காற்பந்தாட்டம் வெட்சியே, மண்ணே காரணம். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. பண்டு மண்ணை விரும்பியோர் முடிவேந்தர். இங்கு மண்ணுக்கு ஏங்கியோர் ஏர் பிடித்த எளியோர்.

இவ்விரு நாடுகளின் நிலையை முதற்கண் அறிதல் வேண்டும். எல் சால்வடோர் பசிபிக் கடலோரத்தில் அமைந்த நாடு. அதன் பரப்பு ஏறக்குறைய 21,000 சதுர கிலோமீட்டர். அதன் வடக்கிலும் கிழக்கிலும் அமைந்த ஹொண்டுராஸ் 1,12,000 சதுர கிலோமீட்டர் அளவுள்ளது. அஃதாவது ஐந்து மடங்கிற்கும் மேற்பட்டது. ஆயின் குடிமக்கள் தொகையோ தலைகீழாக இருந்தது. 1969ஆம் ஆண்டில் சிறிய நாட்டில் 30 இலட்சத்திற்கு மேற்பட்டோரும், பெரிய நாட்டில் ஏறக்குறைய 25 இலட்சம் பேரும் வாழ்ந்தனர். இரு நாட்டாரும் பேசும் மொழி ஸ்பானியம். பெரும்பாலோர் சார்ந்த சமயமும் ஒன்றே. 1821ஆம் ஆண்டில் ஒரே நாளில் ஸ்பெயினின் ஆட்சியினின்றும் விடுதலை பெற்று, பின்னர்ச் சில ஆண்டுகள் ஒரே கூட்டாட்சியில் இணைந்திருந்தவர்கள் அவர்கள். ஆகவே, இனப்பகை என்றோ சமயப்பகை என்றோ இப்போருக்குக் காரணம் கூற இடமில்லை.

இனி, எல் சால்வடோர் உழவர் தம் நாட்டை விட்டு நீங்கியது ஏன் என்பதைக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காப்பிப்பயிர் அந்நாட்டின் தலையாய செல்வமாயிற்று. எரிமலைச் சரிவுகளிலுள்ள கொழுவிய மண் அப்பயிருக்கு மிகவும் ஏற்றது. அம்மண்ணிற் பெரும்பகுதி அதுகாறும் ஊர்ப் பொதுநிலமாக இருந்து வந்தது. ஊரார் அதனைப் பகிர்ந்து உழுது சோளமும் அவரையும் விளைத்து உண்டனர். 1881, 1882ஆம் ஆண்டுகளிற் பிறந்த சட்டங்கள் அப்பொதுநில உரிமையை அறவே ஒழித்தன. நிலம் மெல்ல மெல்லச் சில குடும்பங்களின் கையிற் சேர்ந்தது. நேற்றுவரை உழுது உண்டவர் இன்று காப்பித் தோட்டத்திற் பருவக் கூலியாயினர். 1932ஆம் ஆண்டில் மேற்குப் பகுதி உழவர் கிளர்ந்தெழுந்தபோது, அரசினர் படையை ஏவி அவர்களைக் கொன்று குவித்தனர். அன்று மாண்டோர் 10,000 முதல் 30,000 வரை இருக்கலாம் என மதிப்பிடுவர்.

இங்ஙனம் நிலமும் இழந்து, நீதி கேட்கும் வாயும் இழந்தவர்க்கு அயல்நாடே புகலிடமாயிற்று. ஹொண்டுராஸின் வடகரையில் அமெரிக்க நிறுவனங்கள் நடத்திய வாழைத் தோட்டங்களுக்கு ஆட்கள் வேண்டியிருந்தனர். கூலிக்குச் சென்றவருட் பலர், ஆளில்லாக் காட்டு நிலத்தைத் திருத்தி, குடிசை கட்டி, சோளம் விதைத்து, அங்கேயே மணம் செய்து மக்களைப் பெற்று வாழலாயினர். பட்டா என்பதோ குடியுரிமைத் தாள் என்பதோ அவர்களிற் பெரும்பாலோரிடம் இல்லை. இரண்டு தலைமுறைகள் இவ்வாறு கழிந்தன. 1969ஆம் ஆண்டளவில் அவர்தம் தொகை ஏறக்குறைய 3,00,000 ஆயிற்று. ஹொண்டுராஸில் வாழ்ந்தோருள் எட்டில் ஒரு பங்கினர் எனலாம்.

ஹொண்டுராஸிலும் நிலமற்ற உழவர் பலர் இருந்தனர். 1950, 1960ஆம் ஆண்டுகளையொட்டிப் பருத்தியும் இறைச்சிக் கால்நடையும் அயல்நாட்டு வாணிகத்திற் பொருளீட்டத் தொடங்கவே, பெருநிலக்கிழார் வேலியை அகல வைத்துச் சிற்றுழவரை நெருக்கினர். உழவர் சங்கங்கள் தோன்றின. நிலம் வேண்டும் என்னும் குரல் எழுந்தது. 1962ஆம் ஆண்டில் ஒரு நிலச்சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி நிலம் பெறுவோர் பிறப்பால் ஹொண்டுராஸ் நாட்டினராக இருத்தல் வேண்டும். 1966ஆம் ஆண்டில் பெருநிலக்கிழாரும் கால்நடைப் பண்ணையாரும் தமக்கென ஒரு கூட்டமைப்பை நிறுவி, தங்கள் நிலங்களிற் புகுந்து உழுவோர் அயல்நாட்டாரே என்று ஓயாது பறையறைந்தனர்.

படைத்தலைவர் ஒஸ்வால்டோ லோபஸ் அரெயானோ அப்பொழுது ஹொண்டுராஸின் அதிபர். அவர்முன் இரு வழிகள் இருந்தன. பெருநிலக்கிழாரின் நிலத்திற் கைவைப்பது ஒன்று. தாளில்லாத அயலாரின் நிலத்தைப் பறித்து உள்நாட்டார்க்குக் கொடுப்பது மற்றொன்று. முன்னது வலியோரைப் பகைக்கும் வழி. பின்னது எளியோரை வருத்தும் வழி. அவர் பின்னதையே மேற்கொண்டார். இரு நாடுகளுக்கும் இடையே குடியேற்றம் பற்றி 1967ஆம் ஆண்டில் ஏற்பட்டிருந்த உடன்படிக்கை 1969ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவுற்றபோது, அதனை அவர் புதுப்பிக்கவில்லை. சில திங்களுள், நிலத்தை விட்டு நீங்குமாறு சால்வடோரியக் குடும்பங்களுக்கு ஆணைகள் சென்றன. மே மாதத்திலேயே அக்குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் எல்லையைக் கடந்து தாய்நாடு திரும்பலாயின. முதல் ஆட்டம் நடைபெறுவதற்கு முன்பே இவை நிகழ்ந்தன என்பதை அன்பர்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

வாணிகப் பூசலும் உடன் சேர்ந்தது. 1960ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நடு அமெரிக்க நாடுகள் ஒரு பொதுச் சந்தையை அமைத்திருந்தன. எல் சால்வடோரின் ஆலைப்பொருள்கள் அதன் வாயிலாக ஹொண்டுராஸிற் பெருவாரியாக விற்பனையாயின. ஹொண்டுராஸ் விற்பதற்கோ பெரும்பாலும் விளைபொருள்களே இருந்தன. தம் பணம் அண்டை நாட்டிற்குப் போகின்றது என்னும் மனக்குறை நகர வணிகரிடையே வளர்ந்தது. இங்ஙனம் பண்ணையார்க்கும் வணிகர்க்கும் அரசினர்க்கும் ஒருங்கே பொருந்திய பழிகாரன் ஒருவன் கிடைத்தான். அவனே சால்வடோரிய உழவன்.

இந்நிலையிற்றான் 1970ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கான தகுதியாட்டங்கள் வந்தன. 1969ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் ஹொண்டுராஸின் தலைநகராகிய தெகுசிகல்பாவில் நடைபெற்ற ஆட்டத்தில் ஹொண்டுராஸ் 1-0 என வென்றது. ஜூன் 15ஆம் நாள் சான் சால்வடோர் நகரில் எல் சால்வடோர் 3-0 என வென்றது. விருந்தினராக வந்த ஆட்டக்காரரை இரவெல்லாம் உறங்கவிடாது விடுதியைச் சூழ்ந்து கூச்சலிடுதல் இரு நகரங்களிலும் நிகழ்ந்தது. இரண்டாம் ஆட்டத்திற்குப் பின் ஹொண்டுராஸ் ஆர்வலர் தாக்கப்பட்டனர். அதற்குப் பழிவாங்குவது போல ஹொண்டுராஸில் வாழ்ந்த சால்வடோரியர் தாக்கப்பட்டனர். இரு நாட்டுப் பத்திரிகைகளும் வானொலிகளும் எரிகின்ற தீயில் நெய்யை வார்த்தன. ஆயிரக்கணக்கானோர் எல்லையை நோக்கி ஓடினர். ஜூன் 26ஆம் நாள் எல் சால்வடோர் அரசு ஹொண்டுராஸுடன் தூதுறவை முறித்தது. மெக்ஸிகோ நகரில் அம்மாத இறுதியில் நடைபெற்ற மூன்றாம் ஆட்டத்தில், மிகைநேரம் ஆடி, எல் சால்வடோர் 3-2 என வென்றது. அந்த ஆட்டத்திற்கும் போருக்கும் இடையே இரண்டு வாரத்திற்கு மேல் இடைவெளி உண்டு. ஆட்டமே காரணமாயின், ஆட்டத்தில் வென்ற நாடே படையெடுத்தது எங்ஙனம் என்னும் வினாவிற்கு விடை கூறல் அரிது.

எல் சால்வடோரின் அதிபராக இருந்த பிடெல் சான்செஸ் எர்னாண்டஸும் படைத்தலைவரே. திரும்பிவரும் பல்லாயிரவர்க்கு நிலம் கொடுக்க வேண்டுமாயின், காப்பித் தோட்டக்காரரின் நிலத்தைத் தொட வேண்டும். அதற்கு அங்கும் துணிவில்லை. போர் என்னும் சொல்லோ எல்லாரையும் ஒன்றாக்கியது. ஜூலை 14ஆம் நாள் மாலையில் அந்நாட்டு விமானங்கள் தெகுசிகல்பாவின் டோன்கொன்டின் விமான நிலையத்தைத் தாக்கின. காலாட்படை இரு முனைகளில் எல்லையைக் கடந்தது. மேற்கில் நுவேவா ஒகோடெபெகே என்னும் ஊர் அதன் கைப்பட்டது. மறுநாள் முதல் ஹொண்டுராஸ் விமானப்படை எல் சால்வடோரின் துறைமுகங்களிலிருந்த எண்ணெய்க் கிடங்குகளைத் தாக்கி எரித்தது. எண்ணெயும் வெடிமருந்தும் குறையவே, முன்னேறிய படை நின்றுவிட்டது.

இரு தரத்தாரும் செலுத்திய விமானங்கள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் பழம்பொருள்கள். ஜூலை 17ஆம் நாள் பெர்னாண்டோ சோட்டோ என்னும் ஹொண்டுராஸ் விமானி மூன்று விமானங்களை வீழ்த்தினார். சுழல்விசிறி விமானங்கள் வானில் ஒன்றையொன்று எதிர்த்துப் பொருத கடைசிப் போராக இதனைக் குறிப்பிடுவர். மனிதன் சந்திரனில் அடிவைக்கச் சென்று கொண்டிருந்த அதே வாரத்தில் இது நிகழ்ந்தது.

அமெரிக்க நாடுகளின் அமைப்பு தலையிட்டு ஜூலை 18ஆம் நாள் இரவில் போர் நிறுத்தம் செய்வித்தது. இதனால் இது நூறு மணி நேரப் போர் எனவும் பெயர் பெற்றது. பொருளாதாரத் தண்டனை விதிக்கப்படும் என்னும் எச்சரிக்கைக்குப் பின்னரே எல் சால்வடோர் இணங்கியது. ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திற் படைகள் திரும்பின. மாண்டோர் ஏறக்குறைய 2,000 முதல் 3,000 வரை என மதிப்பிடுகின்றனர்; அவருட் பெரும்பாலோர் படைஞர் அல்லர், ஹொண்டுராஸின் எல்லைப்புற ஊர்மக்கள். ஒரு பிடி மண்ணும் கைமாறவில்லை.

போர் நூறு மணி நேரத்தில் ஓய்ந்தது. அதன் விளைவுகளோ நாற்பதாண்டுக் காலம் ஓயவில்லை. அவற்றை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

முதலாவது, வாணிகம் முறிந்தது. எல்லை அடைக்கப்பட்டது. எல் சால்வடோரின் சரக்குகள் ஹொண்டுராஸ் வழியே தெற்கு நாடுகளுக்குச் செல்ல இயலவில்லை. 1970ஆம் ஆண்டின் இறுதியில் ஹொண்டுராஸ் பொதுச் சந்தையினின்றும் விலகியது. நடு அமெரிக்காவை ஒரு குடும்பமாக்கும் என்று நம்பப்பட்ட அவ்வமைப்பு அதன்பின் தன் பழைய வலிமையை நெடுங்காலம் பெறவில்லை.

இரண்டாவது, திரும்பி வந்தோரின் நிலை. ஒரு இலட்சம் அளவிலான மக்கள் தாய்நாடு திரும்பினர் எனக் கணிப்பர். அவர்கட்கு அங்கே நிலமும் இல்லை, தொழிலும் இல்லை. அண்டை நாட்டிற்குச் சென்று பிழைக்கும் வழியும் அடைபட்டுவிட்டது. கொதிக்கும் கலத்தின் ஆவி போகும் துளையை அடைத்தாற்போல, உள்நாட்டு நெருக்கடி ஆண்டுதோறும் வளர்ந்தது. 1972ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் தீர்ப்பு முறைகேட்டாற் புறக்கணிக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், எளியோர்க்காகப் பரிந்து பேசிய பேராயர் ஆஸ்கார் ரொமேரோ திருப்பலிப் பீடத்தருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு முதல் 1992ஆம் ஆண்டு வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஏறக்குறைய 75,000 பேர் மாண்டனர். அப்போருக்குக் காரணங்கள் பல. 1969ஆம் ஆண்டில் எல்லை அடைபட்டதும் அவற்றுள் ஒன்று என்பதை வரலாற்றாசிரியர் பலரும் ஒப்புவர்.

மூன்றாவது, எம் உள்ளத்தைப் பெரிதும் வருத்தியது. உள்நாட்டுப் போருக்கு அஞ்சிய சால்வடோரிய உழவர் மீண்டும் ஹொண்டுராஸை நோக்கியே ஓடினர். 1980ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், எல்லையாக ஓடும் சும்புல் ஆற்றங்கரையில், பெண்டிரும் குழந்தைகளும் உள்ளிட்ட 300 பேருக்குக் குறையாதோர் எல் சால்வடோர் படையினராற் கொல்லப்பட்டனர். ஆற்றைக் கடக்க முயன்றோரை மறுகரையில் ஹொண்டுராஸ் படையினர் தடுத்தனர். அந்நாளில் இவ்விரு நாடுகளுக்குமிடையே சமாதான உடன்படிக்கைகூட எழுதப்படவில்லை. ஒருவரையொருவர் பகைவர் என்று கூறி மக்களைப் போருக்கு அழைத்த இரு படைகளும், ஏழை உழவரைத் தடுப்பதில் மட்டும் ஒன்றுபட்டன.

நான்காவது, எல்லை வழக்கு. 1980ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் பெரு நாட்டின் லீமா நகரில் சமாதான உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அதற்காகப் பல்லாண்டு உழைத்தவர் அந்நாட்டின் முன்னாள் அதிபரும் சர்வதேச நீதிமன்றத்தின் முன்னாள் தலைவருமாகிய ஹோசே லூயிஸ் புஸ்தமாண்டே இ ரிவேரோ ஆவார். உரிமை தெளியாத எல்லைப் பகுதிகள் 1986ஆம் ஆண்டில் ஹேக் நகர நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்டன. 1992ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நானூற்றுக்கு மேற்பட்ட சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹொண்டுராஸுக்கு உரியதாயிற்று. பொன்செகா வளைகுடாவின் நீர்ப்பரப்பு, கரையோரப் பகுதி நீங்கலாக, நிகராகுவா உள்ளிட்ட மூன்று நாடுகளுக்கும் பொதுவென முடிந்தது. மறு ஆராய்வு வேண்டிய எல் சால்வடோரின் விண்ணப்பம் 2003ஆம் ஆண்டில் தள்ளுபடியாயிற்று. எல்லைக்கல் நடும் வேலை 2006ஆம் ஆண்டிலேயே நிறைவுற்றது. எல் சால்வடோர் ஊர் என்று பிறந்து வளர்ந்தோர் பலர், ஓரடியும் பெயராமலே ஹொண்டுராஸ் மண்ணில் வாழ்பவராயினர். அவர்தம் குடியுரிமையையும் நிலவுரிமையையும் காக்க 1998ஆம் ஆண்டில் இரு நாடுகளும் தனியே ஓர் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியிருந்தது.

இவ்வளவும் கூறியபின், ஒரு ஐயம் எஞ்சும். எல் சால்வடோர் சிறிய நாடு, மக்களோ பலர், ஆகவே மக்கட்பெருக்கமே எல்லாவற்றிற்கும் காரணமன்றோ என்று வினவுவாரும் உளர். வில்லியம் டர்ஹம் என்னும் அமெரிக்க அறிஞர் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தார். மக்கள் பெருகியது உண்மை. ஆயினும் நிலம் சிலர் கையிற் குவிந்தமையே பற்றாக்குறைக்குப் பெருங்காரணம் என்பது அவர் முடிபு. ஹொண்டுராஸின் பிற்கால வரலாறும் இதற்குத் துணை நிற்கின்றது. சால்வடோரியரை வெளியேற்றினால் நிலமில்லாக் குறை தீரும் என்று உழவர்க்குக் கூறினர். வெளியேற்றினர். குறை தீர்ந்ததா? தீரவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளில் அந்நாடு மீண்டும் நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் இயற்ற வேண்டியதாயிற்று. அயலான் போன பின்னும், வேலிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

இவ்வரலாற்றைப் படித்த மறுவாரம் அந்நண்பரிடமே இவற்றையெல்லாம் எடுத்துக் கூறினோம். அவர் சிறிது நேரம் வாளா இருந்து, "அப்படியானால் அந்த உலகக் கோப்பையில் என்னவாயிற்று?" என்று கேட்டார். 1970ஆம் ஆண்டில் எல் சால்வடோர் மெக்ஸிகோ சென்று மூன்று ஆட்டங்கள் ஆடியது, மூன்றிலும் தோற்றது, ஒரு கோலும் அடிக்கவில்லை. இதனைக் கேட்டு இம்முறை அவரும் நகைக்கவில்லை, யாமும் நகைக்கவில்லை.

ஒரு நாட்டில் வறுமை மிகும்போது, அதன் காரணத்தை உள்ளே தேடுதல் கடினம்; வெளியிலிருந்து வந்தவனைச் சுட்டுதல் எளிது. எளிய வழியையே இரு அரசுகளும் தேர்ந்தன. அதற்குரிய விலையை அவ்வரசினர் கொடுக்கவில்லை. சோளக்கொல்லையை விட்டுக் குழந்தையைத் தோளில் இட்டு நடந்த உழவன் கொடுத்தான். ஆதலின், 'காற்பந்துப் போர்' என்னும் பெயரை இனி எங்கேனும் கேட்க நேருமாயின், பந்தை நினையாது அவனை நினைக்குமாறு எம் கல்லூரி அன்பர்களை வேண்டி, இதனை முடிக்கின்றோம்.